பாலுக்குப் பதில் என்ன?

13 மாதத்தில் என் மகளுக்குப் பசும்பால் ஒவ்வாமை என்று தெரிந்தது. "அப்ப பாலுக்குப் பதிலா என்ன கொடுக்கிறது?" என்று டாக்டரிடம் கேட்டேன். அந்த ஒரு பொருளைத் தேடியே பல வாரம் அலைந்தேன். அப்படி ஒன்று கிடையாது. அப்புறம் ஒரு நோட்டில் பால் என்னென்ன தருகிறது என்று எழுதினேன்: புரதம், கொழுப்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12, அயோடின். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடியபோது வழி தெரிந்தது.

புரதத்துக்காகத்தான் அதிகம் பயந்தேன். ஆனால் 1 முதல் 3 வயது வரை நாளுக்கு 13 கிராம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம், அரை கப் வெந்த பருப்பில் சுமார் 9 கிராம். மதியத்துக்குள்ளேயே கணக்கு முடிந்துவிடும்.

கால்சியம்தான் கஷ்டம். அமெரிக்கப் பரிந்துரை நாளுக்கு 700 மில்லிகிராம், பிரிட்டனில் 350. எங்களுக்குக் கைகொடுத்தது கால்சியம் சேர்த்த, சர்க்கரை சேர்க்காத சோயா பால். ஒரு கப்பில் பசும்பாலுக்கு இணையாகச் சுமார் 300 மில்லிகிராம் கிடைக்கும். ஆனால் கால்சியம் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் டப்பாவை நன்றாகக் குலுக்குங்கள். பசும்பால் சேராத சில குழந்தைகளுக்குச் சோயாவும் சேராது என்பதால் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதாம் பாலில் கப்புக்கு 1 கிராம்தான் புரதம். வயிறு நிறையும், சத்து சேராது. ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் 5 வயதுக்குள் அரிசிப் பால் வேண்டாம் என்கிறது பிரிட்டன். ஆட்டுப்பாலும் தீர்வல்ல. அதன் புரதம் பசும்பாலைப் போன்றதே. ஒவ்வாமை உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் ஆகாது.

பசலைக்கீரையை (பாலக்) நம்பி நான் ஏமாந்தேன். அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பு எடுத்துக்கொள்வது சுமார் 5 சதவீதம்தான். ப்ரோக்கோலி, எள் விழுது, கால்சியம் சேர்த்து உறையவைத்த டோஃபு (சோயா பனீர்), எலும்போடு மசித்த டின் மத்தி இவையெல்லாம் மேல்.

கொழுப்பைக் குறைக்கவே கூடாது. இந்த வயதில் 30 முதல் 40 சதவீத ஆற்றல் அதிலிருந்துதான் வர வேண்டும். கஞ்சியில் ஒரு ஸ்பூன் எண்ணெயோ, நைஸாக அரைத்த வேர்க்கடலை விழுதோ கலக்குவேன். முழு வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள் தொண்டையில் அடைக்கும். 5 வயது வரை கொடுக்காதீர்கள்.

வைட்டமின் டி உணவில் மட்டும் போதாது. பிரிட்டனில் 1 முதல் 4 வயதுக்கு நாளுக்கு 10 மைக்ரோகிராம் சொல்கிறார்கள். நாங்கள் டாக்டர் சொன்ன அளவில் சொட்டு மருந்தாகக் கொடுத்தோம். முட்டை, மீன், இறைச்சி எதுவும் சாப்பிடாத குழந்தைக்கு பி12-ம் தனியாகத் தேவைப்படும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் 2 வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

ஒரு வேலை மட்டும் தவறாமல் செய்யுங்கள்: 3 நாள் குழந்தை சாப்பிட்டது அத்தனையும் அளவோடு எழுதி, ஒரு உணவியல் நிபுணரிடம் காட்டுங்கள். என் நோட்டைப் புரட்டிய 5 நிமிடத்தில் அவர் கேட்டார், "அயோடின் எங்கேம்மா?" எங்கள் சோயா பாலில் அது சேர்க்கப்படவில்லை. அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் மீன்.