யாழ்ப்பாணத்தில் பாட்டுக் கேட்க பாருக்குப் போகிறவர்களுக்கு

பப் என்று பலகை மாட்டிய இடத்தைத் தேடி நகரத்தைச் சுற்றாதீர்கள். யாழ்ப்பாணத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் ஹோட்டல்களின் மொட்டைமாடி பாரும் உணவகத்தோடு ஒட்டின பாரும்தான் செய்கின்றன. நேரடிப் பாட்டுக்கு வார இறுதி இரவுகளை நம்பலாம். மற்ற நாட்களில் போனால் தொலைக்காட்சியில் கிரிக்கெட்டும், யாரோ ஒரு பெடியன் போனிலிருந்து போட்டுவிட்ட பாட்டும்தான். போக முதல் ஒரு கோல் எடுத்து, "இண்டைக்கு பான்ட் இருக்கா, எத்தனை மணிக்குத் தொடங்குவினம்?" என்று கேட்டுவிடுங்கள். எட்டு மணி என்று சொன்னால் எட்டரைக்கு மைக் செக் நடக்கும், அவ்வளவுதான்.

கலண்டரையும் பாருங்கள். போயா (பௌர்ணமி) நாளில் நாடு முழுக்க மதுபான விற்பனை கிடையாது, பாரும் பூட்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறினால் திருவிழா நடக்கும் 25 நாளும் ஊரில் நிறையப் பேர் மீன், இறைச்சிகூடத் தொடமாட்டார்கள், பியர் எங்கே! ஆனால் கனடா, லண்டன், சுவிஸ் ஆட்கள் வந்து நிற்பதும் அதே நாட்களில்தான் என்பதால், எந்த இடம் வெறிச்சோடும், எந்த இடம் நிரம்பும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. முகம் சின்னதாக இருந்தால் அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள், சட்டப்படி 21 வயது வேண்டும்.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். பான்டுக்கு நேர் முன் மேசை வெறுமையாகக் கிடக்கும், வெயிட்டரும் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார், வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே ஸ்பீக்கர் காதுக்குள் இருக்கும், பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று வாயைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அடைத்த மண்டபம் என்றால் சுவர் மூலையும் சரிவராது, பேஸ் (அடித்தொனி) அங்கே போய்க் குவிந்து பாடகரின் குரலை மூடிவிடும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சவுண்ட் மிக்ஸரை வைத்துக்கொண்டு ஒருவர் இருப்பார், அவருக்குப் பக்கத்து மேசைதான் ராஜ இடம், ஏனென்றால் தன் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அப்படித்தான் அவர் எல்லாவற்றையும் வைப்பார்.

சின்ன இடங்களில் பான்ட் என்றால் ஒரு கீபோட், ஒரு கிற்றார், ஒரு ஒக்டாபாட், இரண்டு குரல். ஒக்டாபாட் அடிக்கிறவரைக் கொஞ்ச நேரம் பாருங்கள்: எட்டு ரப்பர் கட்டைகளில் இரண்டு குச்சியை வைத்துக்கொண்டு தபேலா, ட்ரம்ஸ், உறுமி எல்லாம் ஒரே ஆள்தான், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு பட்டனை அழுத்தி வாத்தியத்தையே மாற்றிவிடுவார். முதல் சுற்றில் ஆறுதலான பழைய சினிமாப் பாட்டு, சாப்பாடு மேசைக்கு வந்த பிறகு வேகம், கடைசியில் எழும்பி ஆட வைக்கும் பைலா. போர்த்துக்கேயர் காலத்து வேர் கொண்ட அந்த ஆறு-எட்டுத் தாளத்தையும், 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் பிரபலமாக்கிய எங்கள் பொப்பிசையையும் கேட்காமல் எழும்பினால் வந்ததே வீண்.

உங்களுக்கு விருப்பமான பாட்டைப் பாடச் சொல்ல வேண்டுமென்றால் மேசையிலிருந்து கத்தாதீர்கள். டிஷ்யூவில் பாட்டின் முதல் வரியை எழுதி (படத்தின் பெயரை மட்டும் எழுதினால் எந்தப் பாட்டு என்று அவர்கள் முழிப்பார்கள்) இடைவேளையில் கீபோட்காரரிடம் கொடுங்கள், பாடகரிடம் அல்ல. எந்தப் பாட்டு அவர்களிடம் தயாராக இருக்கிறது, எந்தச் சுருதியில் பாடுவார்கள் என்பது கீபோட்காரருக்குத்தான் தெரியும். போன மாதம் வந்த படத்துப் பாட்டைக் கேட்டால் கரோக்கி ட்ராக்கைப் போட்டுச் சமாளிப்பார்கள், அதைவிடக் கேட்காமலே இருக்கலாம்.

குடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லயன் லாகர் பியரில் மதுசாரம் 4.8 வீதம், லயன் ஸ்ட்ரோங்கில் 8.8 வீதம், கிட்டத்தட்ட இரட்டிப்பு, ஆகவே பைலா வரும்வரை நிதானமாக இருக்க நினைத்தால் லாகரோடு நில்லுங்கள். கணவாய் டெவில் (காரமாகப் பிரட்டிய கணவாய் மீன்) சூடாக வந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் ரப்பர்.

பெண்கள் போகலாமா? பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்ற விதியை 2018 ஜனவரியில் நீக்கி, அதே மாதமே ஜனாதிபதி சொல்லித் திரும்பக் கொண்டுவந்த நாடு இது. நடைமுறையில், ஹோட்டல் பார்களில் குடும்பமாகவும் நண்பிகளாகவும் வந்து சாப்பாட்டோடு பாட்டுக் கேட்கிற மேசைகள் உண்டு. சந்திக்குச் சந்தி இருக்கிற சாதாரண பார்களில் அப்படி இல்லை, அங்கே பாட்டும் இல்லை.

வீடியோ எடுப்பதென்றால் மேடையை மட்டும் எடுங்கள். பக்கத்து மேசையில் இருப்பவர் யாருடையவோ பெரியப்பாவாக இருப்பார், நீங்கள் பில் கட்ட முதலே அந்த வீடியோ ரொறன்ரோவில் அவருடைய மகளின் போனுக்குப் போயிருக்கும்.

விலைப்பட்டியலில் வரி சேர்ந்ததா என்று முதலே கேளுங்கள். சேராவிட்டால் 10 வீத சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 18 வீத வற் வரியும் ஏறி, 1000 ரூபா சாப்பாடு 1298 ஆகும். அந்தச் சேவைக் கட்டணம் பான்டுக்குப் போவதில்லை, பாட்டுப் பிடித்திருந்தால் அவர்கள் கையில் தனியாக ஏதாவது கொடுங்கள். கடைசிப் பைலா முடிந்ததும் எல்லா மேசையும் ஒரேயடியாக பில் கேட்கும், வெயிட்டர் தம்பிகள் பாவம், அதனால் அதற்கு முதலே கணக்கை முடித்துவிட்டு ஓட்டோவுக்கும் சொல்லிவையுங்கள், நேரம் போனால் மோட்டார் சைக்கிளை எடுக்கத்தான் மனம் வரும், ரோட்டில் பொலிஸ் ஊதச் சொல்லும்.