மின்சார ஒப்பந்தத்தில் 'மீட்டர்' என்று எழுதியிருப்பது எதை?

புது வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றே மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள் என்று யாரும் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பாதி வேலை. படத்தில் இருக்கும் மீட்டரும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் மீட்டரும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்ப்பது மீதிப் பாதி. பக்கத்து வீட்டில் எரிந்த மின்சாரத்துக்கு நாம் காசு கட்ட நேர்வது இதை விட்டுவிடும்போதுதான்.

ஒப்பந்தம் மீட்டரை இரண்டு எண்களால் அடையாளம் காட்டும். ஒன்று இணைப்பு எண். வீட்டுக்கு மின்சாரம் வந்து சேரும் இடத்துக்கான எண் அது. மற்றது பெட்டியின் முகப்பில், பெரும்பாலும் பட்டைக்கோட்டுக்கு (பார்கோடு) பக்கத்தில், அச்சிட்டிருக்கும் தொடர் எண். மின்சாரம் விற்கும் நிறுவனத்தை மாற்றினால் இணைப்பு எண் மாறாது. பெட்டியை மாற்றினால் தொடர் எண் மட்டும் மாறும். பில் போடும் கணினிக்கு முக்கியம் முதல் எண். படம் எடுக்கிற நமக்குக் கண்ணில் படுவது இரண்டாவது. குழப்பம் பிறப்பது இந்த இடைவெளியில்.

இணைப்பு எண்ணுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பெயர். பிரிட்டனில் எம்பான் (MPAN), 13 இலக்கம். முதல் இரண்டு இலக்கங்கள் விநியோகப் பகுதியைக் குறிக்கும். பிரான்சில் பி.டி.எல் (PDL) அல்லது பி.ஆர்.எம் (PRM), 14 இலக்கம். அங்கே உள்ள 'லிங்கி' என்ற ஸ்மார்ட் மீட்டரில் கூட்டல் குறிப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் திரையிலேயே வரும். ஜெர்மனியில் மாலோ (MaLo) எண், 11 இலக்கம். அது பெட்டியில் இருக்காது, பில்லில்தான் தேட வேண்டும். நெதர்லாந்திலும் நோர்வேயிலும் 18 இலக்கம். ஆஸ்திரேலியாவில் என்.எம்.ஐ (NMI), 10 இலக்கம். சரிபார்ப்பு இலக்கத்தையும் சேர்த்து 11 என்று எழுதுபவர்களும் உண்டு. விண்ணப்பத்தில் இணைப்பு எண் கேட்கும் கட்டத்தில் தொடர் எண்ணை நிரப்புவது புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு. இலக்கங்களை ஒரு முறை எண்ணிப் பார்த்தாலே அகப்பட்டுவிடும்.

அடுத்தது, மீட்டருக்குள் இருக்கும் கணக்குகள். ஒரே பெட்டி பல எண்களை மாற்றி மாற்றிக் காட்டும். ஐரோப்பாவில் பல மீட்டர்களில் 1.8.0 என்ற குறியோடு வருவது நீங்கள் எடுத்த மொத்த மின்சாரம். 2.8.0 என்பது கூரையில் சோலார் இருந்தால் நீங்கள் வெளியே அனுப்பியது. பகல், இரவு என்று இரண்டு விலை உள்ள ஒப்பந்தமானால் 1.8.1, 1.8.2 என்று இரண்டு கணக்கு ஓடும். இங்கே கவனம் தேவை. பெல்ஜியத்தில் 1.8.1 பகல் கணக்கு. எல்லையைத் தாண்டி நெதர்லாந்துக்குப் போனால் அதே 1.8.1 மலிவு நேரக் கணக்கு. ஒரு நாட்டில் பழகிய பழக்கத்தில் இன்னொரு நாட்டில் ரீடிங் அனுப்பினால் பகலும் இரவும் இடம் மாறிவிடும். குறியை நம்பாதீர்கள், ஒப்பந்தத்தில் எந்த விலைக்கு எதிரே எந்தக் கணக்கு எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ரீடிங் எழுதும்போது தசமப் புள்ளிக்கு முன்னால் உள்ள இலக்கங்கள் மட்டும் போதும். பழைய மீட்டரில் சிவப்புக் கட்டத்தில் ஓடுவதை விட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் பல நாடுகளில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருக்கும். 4571,3 என்பதை 45713 என்று அனுப்பினால் பத்து மடங்கு.

கடை, உணவகம் எடுப்பவர்கள் பெருக்கெண்ணையும், அதாவது மீட்டர் காட்டுவதை எத்தனையால் பெருக்க வேண்டும் என்ற எண்ணையும், தேட வேண்டும். பெரிய இணைப்புகளில் முழு மின்னோட்டமும் மீட்டருக்குள் போவதில்லை. மின்னோட்ட மாற்றி அதைக் குறைத்துத்தான் கொடுக்கும். அதில் 200/5, அதாவது 200 ஆம்பியரை 5 ஆகக் குறைக்கும், என்று எழுதியிருந்தால் பெருக்கெண் 40. மீட்டர் 10 யூனிட் நகர்ந்தால் பில்லில் 400. மீட்டரே ஏற்கனவே பெருக்கிக் காட்டும் வகை என்றால் மறுபடி பெருக்கக் கூடாது. அதனால் பெருக்கெண் என்ன என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் விடுகிற விஷயம் இல்லை.

அடுக்குமாடியில், நிலவறையில் வரிசையாக மாட்டிய மீட்டர்களில் உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். மேலே ஒருவர் வீட்டு மெயின் சுவிட்சை அணைக்கட்டும். கீழே ஒருவர் உங்கள் தொடர் எண் உள்ள மீட்டரின் சிறு விளக்கைப் பார்க்கட்டும். அது துடிப்பதை நிறுத்த வேண்டும். நிற்காமல் மின்னினால் வேறு யாருடைய வயரோ அதில் இருக்கிறது. பிறகு மெயினைப் போட்டு, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 2000 வாட் கெட்டிலை மட்டும் ஓட விடுங்கள். மீட்டர் முகப்பில் 1000 imp/kWh, அதாவது ஒரு யூனிட்டுக்கு 1000 துடிப்பு, என்று குறித்திருந்தால் ஒரு நிமிடத்துக்கு 33 முறை மின்னும். இரண்டு மடங்கு மின்னினால் எங்கோ கோளாறு. 30, 35 என்றால் கவலை வேண்டாம். கெட்டிலில் எழுதியிருக்கும் வாட் துல்லியமானதல்ல.

வீட்டுக்காரர் தாமாக மாட்டிய துணை மீட்டர் தனி ரகம். மின்சார நிறுவனத்துக்கு அது இருப்பதே தெரியாது; அதற்கு இணைப்பு எண்ணும் கிடையாது. வாடகை ஒப்பந்தத்தில் அதன் தொடர் எண், தொடக்க ரீடிங், யூனிட் விலை மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'மின்சாரம் மீட்டர்படி' என்ற ஒற்றை வரியோடு விட்டால் எந்த மீட்டர் என்று பின்னால் வாதாட வழியில்லை. ஐரோப்பாவில் பில்லுக்குப் பயன்படும் புதிய மீட்டர்களின் முகப்பில் 'எம்' (M) என்ற எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். இணையத்தில் வாங்கிய மலிவுப் பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. ஜெர்மனியில் அளவீட்டுச் சட்டப்படியான செல்லுபடிக் காலமும் உண்டு: சுழலும் தட்டு உள்ள பழைய மீட்டருக்கு 16 ஆண்டு, மின்னணு மீட்டருக்கு 8.

மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால் ஒப்பந்தத்தில் 'சோதனை' பற்றிய வரியைத் தேடுங்கள். குறை இல்லை என்று முடிவு வந்தால் சோதனைச் செலவு உங்கள் தலையில் விழலாம். பிரிட்டனில் அனுமதித்த பிழை கூடுதலில் 2.5 சதவீதம், குறைவில் 3.5, அதற்குள் இருந்தால் மீட்டர் சரி என்றே கணக்கு. கனடாவில் தகராறு 'மெஷர்மென்ட் கனடா' என்ற கூட்டரசு அமைப்புக்குப் போகும்.

மீட்டரை மாற்ற ஆள் வரும் நாளில் வீட்டில் இருங்கள். பழைய பெட்டியின் கடைசி ரீடிங்கும் புதியதன் முதல் ரீடிங்கும், இரண்டின் தொடர் எண்களும் ஒரே தாளில் வர வேண்டும். கழற்றிய பெட்டி அன்றே வண்டியில் ஏறிப் போய்விடும். படம் எடுக்க வேண்டியது அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்னால்.