கொடிமலையில் பழகி, ஃப்ளோயென் ஏறுங்கள்

மகளுக்குப் பெர்கன் நகரில் வேலை என்பதால் நானும் மனைவியும் இரண்டு முறை நார்வே போய்வந்தோம். அங்கே கிளம்புகிற நம் பினாங்கு ஆயர் ஈத்தாம் நண்பர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது பெர்கனில் உள்ள ஃப்ளோயென் மலையைப் பற்றித்தான்.

உயரத்துக்குப் பயப்படாதீர்கள். மலைரயில் போய் நிற்கும் இடம் 320 மீட்டர். 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலை, அதாவது பினாங்கு ஹில், ஊர்க்காரர்களான நமக்கு அது பாதிகூட இல்லை. ரயிலும் புதிதல்ல: அங்கே 1918இல் ஓடத் தொடங்கியது, இங்கே 1923இல். பெயரில்கூட உறவு உண்டு. நம் மலைக்குக் கொடி. அந்த மலைக்குக் காற்றுத்திசை காட்டி என்கிறார்கள்.

ஏறிப் படமெடுத்து அதே ரயிலில் இறங்குவதை இங்கேயே செய்துகொள்ளலாம். ஆகவே ஒருவழி டிக்கெட் மட்டும் வாங்குங்கள். துறைமுகத்தை ஒட்டிய ப்ரிக்கன் என்ற பழைய மரவீடுகளிலிருந்து மலைரயிலின் கீழ் நிலையம் கூப்பிடு தூரம். மேலே, கூட்டம் நிற்கும் மேடையைத் தாண்டிக் காட்டுக்குள் பத்து நிமிடம் நடந்தால் ஸ்கோமாக்கர்திக்கே என்ற சிறு ஏரி. காலில் வலுவிருந்தால் 568 மீட்டர் ருண்டெமானன் உச்சிவரை போகலாம். திரும்பும்போது வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் நகரத்துக்கே நடந்துவிடுங்கள்.

மழைதான் பெரிய சங்கதி. நம் ஊரில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். பெர்கனில் ஆண்டுக்கு 200 நாளுக்கு மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குடை வேண்டாம். என் குடையைக் கடற்காற்று ஐந்தே நிமிடத்தில் தாமரைப்பூ ஆக்கியது. தலைமூடி வைத்த மழைச்சட்டை, கம்பளிக் காலுறை போதும். ஜீன்ஸ் நனைந்தால் உலராது. உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். தேய்ந்த காலணியோடு போன நான் மரவேரில் வழுக்கி விழுந்தேன். அந்தக் கதையை மனைவி இன்னும் விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போவதற்கு இரண்டு மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்குங்கள். வாரம் ஒருநாள் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்குப் போகும் ஜீப் பாதை, சுமார் 5 கிலோமீட்டர். முடியாதவர்கள் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகள். எதுவானாலும் நடந்தே இறங்குங்கள்; முழங்கால் பழக வேண்டியது இறக்கத்துக்குத்தான்.

சாப்பாடு கையோடு இருக்கட்டும். நார்வேயில் விலை கடிக்கும். மலையில் கட்டுச்சோறு அவிழ்ப்பது அங்கே வெட்கமும் இல்லை. நாங்கள் புளிச்சோறு கொண்டுபோனோம். கோடையில் மேலே ஆடுகள் மேயும். அவற்றில் ஒன்று எங்கள் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, பொட்டலக் காகிதத்தைத் தின்றது.