வீடு நியூஜெர்சி, சம்பளம் நியூயார்க்: 529 கழிவை எங்கே எடுப்பது?

பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்காக 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் போடும் பணத்துக்கு அமெரிக்க மத்திய வருமான வரியில் கழிவு (வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை) கிடையாது. கழிவு தருவது மாநிலம்தான். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் அதையும் தருவதில்லை. ஒரு மாநிலத்தில் குடியிருந்து இன்னொன்றில் வேலை பார்ப்பவர் கணக்குத் திறக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: எல்லாம் கழித்துப் பார்த்தால் உங்கள் வரிப் பணம் உண்மையில் எந்த மாநிலத்துக்குப் போகிறது?

நியூஜெர்சியின் எடிசனில் வீடு, நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வேலை என்று வைத்துக்கொள்வோம். தம்பதியின் வருமானம் ஒன்றரை லட்சம் டாலர், முழுக்க நியூயார்க் சம்பளம். முதலில் வெளிமாநிலத்தவருக்கான நியூயார்க் வரிப் படிவமான ஐடி-203-ஐப் போட வேண்டும். 2024 கணக்குப்படி வரி சுமார் 7,300 டாலர் வரும். அதே வருமானத்துக்கு நியூஜெர்சி வரி சுமார் 5,300. வெளிமாநிலத்தில் கட்டிய வரிக்கு நியூஜெர்சி கிரெடிட், அதாவது வரியிலேயே நேரடித் தள்ளுபடி, தருவதால் (என்ஜே-சிஓஜே படிவம்) அந்த 5,300 பூஜ்ஜியமாகிவிடும்.

இப்போது சொந்த மாநிலத் திட்டமான என்ஜேபெஸ்ட்டில் 10,000 டாலர் போடுகிறீர்கள். வருமானம் 2 லட்சம் டாலருக்குள் இருந்தால் 2022 முதல் இந்தக் கழிவு உண்டு. நியூஜெர்சி வரி ஐந்நூற்றுச் சொச்சம் குறையும். ஆனால் கிரெடிட்டும் அதே அளவு குறையும், ஏனென்றால் நியூஜெர்சி வரியைத் தாண்டி கிரெடிட் தர மாட்டார்கள். முன்பும் பூஜ்ஜியம், இப்போதும் பூஜ்ஜியம். கழிவு படிவத்தில் அழகாகத் தெரியும், கைக்கு ஒன்றும் வராது. பலர் வருடக்கணக்கில் கவனிக்காத ஓட்டை இது.

ஆகவே இவர்கள் பார்க்க வேண்டியது நியூயார்க் திட்டம். கழிவு தனிநபருக்கு 5,000, கூட்டாகத் தாக்கல் செய்தால் 10,000 டாலர். ஐடி-203 உடன் ஐடி-225 இணைப்பில் காட்ட வேண்டும். அதில் இரண்டு பத்திகள்: ஏ மொத்தத் தொகை, பி நியூயார்க் பங்கு. வெளிமாநிலத்தவருக்கு நியூயார்க், மொத்த வருமானத்துக்கு வரி போட்டு, அதை நியூயார்க் வருமான விகிதத்தால் பெருக்கும். ஏ மட்டும் நிரம்பி பி காலியாகப் போனால் அந்த விகிதம் ஏறி, கிடைத்த லாபத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மென்பொருள் தானே பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். அந்த ஆண்டின் படிவ விளக்கக் குறிப்பைப் படித்து, கழிவைப் போடும் முன்னும் பின்னும் கடைசி வரித் தொகையை ஒப்பிடுங்கள். பணத்தைப் போடும் முன்பே, போன வருட எண்களை வைத்து இதைச் செய்து பார்ப்பது நல்லது.

இன்னும் சில கண்ணிகள். கணக்கு உங்கள் பெயரிலோ, கூட்டாகத் தாக்கல் செய்யும் துணையின் பெயரிலோ இருக்க வேண்டும். தாத்தா பெயரில் உள்ள கணக்கில் நீங்கள் போட்டால் உங்களுக்குக் கழிவு இல்லை. கடைசி நாள் டிசம்பர் 31, ஏப்ரல் அல்ல. பின்னால் பணத்தை வேறு மாநிலத் திட்டத்துக்கு மாற்றினாலோ பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்தாலோ, முன்பு வாங்கிய கழிவை நியூயார்க் திரும்ப வருமானத்தில் சேர்க்கச் சொல்லும். மத்திய அரசு பள்ளிக் கட்டணத்தை ஒப்புக்கொள்வதால் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

மனைவிக்கு நியூஜெர்சியிலேயே வேலை என்றால் கதை மாறும். அவர் சம்பளத்தின் மீதான நியூஜெர்சி வரி கிரெடிட்டில் அழியாது. அந்தப் பங்குக்கு என்ஜேபெஸ்ட் கழிவு பலன் தரும். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சம்பள வரியைக் குடியிருக்கும் மாநிலம் மட்டுமே வாங்கும் என்று இரண்டு மாநிலங்கள் பரஸ்பர ஒப்பந்தம் செய்துள்ள இடங்களில் இந்தத் தலைவலி இல்லை. பென்சில்வேனியாவில் குடியிருந்து நியூஜெர்சியில் வேலை பார்ப்பவர் நியூஜெர்சி வரி பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் என்ஜே-165 படிவத்தை முதலாளியிடம் கொடுத்துவிட்டால், சம்பளத்துக்கு வரி பென்சில்வேனியாவுக்கு மட்டும்தான். அந்த மாநிலம் எந்த மாநிலத்து 529-ஐயும் ஏற்கிறது. 10,000 டாலருக்கு 3.07 சதவீதம், அதாவது 307 டாலர் மிச்சம். வர்ஜீனியாவில் வீடு, மேரிலாந்தில் அலுவலகம் என்றாலும் இப்படித்தான்: மேரிலாந்து கழிவை மறந்துவிட்டு வர்ஜீனியா திட்டத்தில் போடுங்கள். ஒரு கணக்குக்கு வருடம் 4,000 டாலர் கழிவு. அதற்கு மேல் போட்டது வீணாகாது, அடுத்தடுத்த ஆண்டுகளில் கழித்துக்கொள்ளலாம்.