டேம்ப் வேற, வெட் வேற: எங்க எதைச் சொல்றது?

மிக்ஸி வாங்கினா கூட வர்ற புக்ல மோட்டார் பாகத்தை டேம்ப் (damp) துணியால தொடைங்கன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கும், நம்மாளுங்க நிறைய பேர் ஈரத்துணின்னு மட்டும் புரிஞ்சுக்கிட்டு சொட்டச் சொட்ட நனைச்சு தேய்ச்சிடுறாங்க, தண்ணி ஸ்விட்ச் வழியா உள்ள எறங்கிடுது. டேம்ப் துணின்னா நனைச்சு நல்லா முறுக்கிப் பிழிஞ்ச துணி. கையில வச்சா சில்லுன்னு இருக்கணும், ஆனா அமுக்கினா ஒரு சொட்டு கூட விழக்கூடாது. விழுந்தா அது வெட். அயர்ன் பண்ணும்போது துணி டேம்ப்பா இருக்கணும்னு சொல்றதும் இதே பதம்தான்.

அடுத்தது மாய்ஸ்ட் (moist), இதுவும் ஈரம்தான். ஈரம் எவ்ளோங்கிறத விட அது நமக்கு வேணுமா வேணாமாங்கிறதுதான் இங்க முக்கியம். கேக், தோல், செடி மண்ணு இதெல்லாம் மாய்ஸ்ட்டா இருந்தா நல்லது, அதனால கேக் செஞ்சு குடுத்தவங்ககிட்ட டேம்ப்பா இருக்குன்னு தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படும். ஓதம் ஏறின சுவர், மழைநாள்ல காயாம வாடை அடிக்கிற துணி, இதுக்கெல்லாம் டேம்ப். சென்னை வெயில்ல கசகசன்னு இருக்கே, அந்த காத்துக்கு ஹ்யூமிட்.

இனி டேம்ப்போட இன்னொரு முகம். பழைய காலத்துல டேம்ப்னா ஆவி, வாயுன்னுதான் அர்த்தம், நிலக்கரி சுரங்கத்துல வெடிக்கிற மீத்தேனை ஃபயர்டேம்ப்னு சொன்னாங்க, இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி 1815ல பாதுகாப்பு விளக்கு கண்டுபிடிச்சதே அதுக்குப் பயந்துதான். மூச்சை அடைக்கிற வாயு இல்லையா, அதனால அமுக்குறது, வேகத்தைக் குறைக்கிறதுங்கிற அர்த்தமும் சேர்ந்துடுச்சு. தைவான்ல இருக்கிற தைப்பே 101 கட்டிடத்துல காத்துக்கு ஆடாம இருக்க 660 டன் எடையில ஒரு குண்டு தொங்குதே, அதுக்குப் பேரு டேம்ப்பர், ஈரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. உற்சாகம் கொறைஞ்சா டேம்ப்பன் ஆச்சுன்னு சொல்லலாம். பெருசா எதிர்பார்த்த மேட்ச் சப்புன்னு முடிஞ்சா பேப்பர்ல டேம்ப் ஸ்குவிப்னு போடுவாங்க, ஸ்குவிப்னா சின்ன பட்டாசு, நமுத்துப்போன பட்டாசு புஸ்ஸுன்னு போற மாதிரி. சிலர் இத ஸ்குவிட்னு எழுதுறாங்க, அது கணவா மீனு.

பேசும்போது கடைசி ப் சத்தத்தை முழுங்கிடாதீங்க, டேம்னு நின்னுட்டா கேக்கறவங்களுக்கு அணைக்கட்டு, இல்லன்னா திட்டு.