பெரிய ஆர்டரின் அளவை மறைத்து விற்பது எப்படி

2022 செப்டம்பரில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி பங்குச் சந்தைக்கு வந்ததிலிருந்து, தாத்தா காலத்துப் பங்குகளை டீமேட்டில் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கில்) வைத்துக்கொண்டு "அண்ணாச்சி, மொத்தமா விக்கணும், எப்படிப் போட?" என்று கேட்பவர்கள் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் உண்டு.

மொத்தமாகப் போடாதீர்கள்.

புரோக்கர் ஆப்பில் அந்தப் பங்கைத் தொட்டு மார்க்கெட் டெப்த்தைத் திறந்து பாருங்கள். வாங்குகிற பக்கம் ஐந்து விலை, விற்கிற பக்கம் ஐந்து விலை, ஒவ்வொன்றிலும் எத்தனை பங்கு நிற்கிறது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். இருநூறு, முந்நூறு என்று நிற்கிற இடத்தில் நீங்கள் 8,000 பங்கை ஒரே வரியில் போட்டால், வாங்க வந்தவன் 'இன்னும் இறங்கும்' என்று கையைக் கட்டிக்கொள்வான், விற்க வந்த இன்னொருவன் உங்களைவிடப் பத்து பைசா குறைத்துப் போட்டு முந்துவான். உங்கள் ஆர்டரே உங்கள் விலையைக் கெடுத்துவிடும். மேலப்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலையை மறைப்பார்கள். இங்கே விலை வெளிச்சத்தில் இருக்கும், மறைக்க வேண்டியது அளவைத்தான்.

அதற்குத்தான் 'டிஸ்க்ளோஸ்டு குவாண்டிட்டி', அதாவது வெளியே காட்டுகிற அளவு, என்ற கட்டம். லிமிட் ஆர்டராக, அதாவது இந்த விலைக்குக் குறைந்து விற்க மாட்டேன் என்று விலை குறித்துப் போட்டு, மொத்தம் 8,000, அந்தக் கட்டத்தில் 800 என்று கொடுங்கள். என்எஸ்இ என்ற தேசியப் பங்குச் சந்தையில் குறைந்தது பத்து சதவீதமாவது காட்டியாக வேண்டும். 800 விற்றதும் அடுத்த 800 தானாக வெளியே வரும். ஆனால் அது வரிசையில் கடைசியில் போய் நிற்கும், அதே விலையில் அதற்கு முன்பே வந்து நிற்பவருக்குத்தான் முதல் உரிமை. மறைப்பதற்குக் கொடுக்கிற விலை அதுதான்.

'ஐஸ்பர்க்' என்று புரோக்கர்கள் தருவது வேறு. அது ஆர்டரையே துண்டு துண்டாக்கி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். ஆர்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிற புரோக்கரிடம் ஒவ்வொரு துண்டுக்கும் காசு போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரே விலையில் 800, 800 என்று வந்துகொண்டே இருந்தால் கவனிக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். கம்ப்யூட்டர் வைத்து வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி. அதனால் அளவை 900, 1,100 என்று மாற்றி, விலையையும் கொஞ்சம் நகர்த்தி, இரண்டு மூன்று நாளாகப் பிரித்து விற்பதே எனக்குப் பிடித்த வழி. விற்கும் ஒவ்வொரு நாளுக்கும் டிபி கட்டணம் (டீமேட்டிலிருந்து பங்கை எடுப்பதற்கான கட்டணம்) தனியாக வரும், பெரிய பங்கிருப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. மறைவது மற்ற வியாபாரிகளிடமிருந்துதான், எக்ஸ்சேஞ்சுக்கு முழு அளவும் தெரியும். நிறுவனத்தின் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் கைமாற்றினால் 'பல்க் டீல்' என்று அன்றைக்கே பெயரோடு வெளியாகிவிடும்.

ஐம்பது, நூறு பங்கு வைத்திருப்பவருக்கு இந்த வேலையே வேண்டாம், நேரே லிமிட் போட்டு விடுங்கள். மூன்றரை மணிக்குள் விற்காத மிச்சம் தானாக ரத்தாகிவிடும், மறுநாள் டெப்த்தைப் பார்த்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.