ஸ்வெட்டர் பின்னத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்னல் கற்க வருவோர் கண்ணி நழுவுவதையும் ஓரங்களில் கண்ணி கூடிப்போவதையும் எண்ணியே கலங்குகிறார்கள். அவை கைப்பழக்கத்தில் தாமே சரியாகிவிடும். நாங்கள் கற்ற காலத்திலிருந்து மாறாமல் தொடரும் வேறு சில பிழைகள்தாம் நூலையும் உழைப்பையும் வீணாக்குகின்றன.

சாயத் தொகுதி எண்

ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்கு இடும் எண் இது; எண் மாறினால் நிறமும் சற்று மாறும். உறையில் ஒரே எண் அச்சிடப்பட்ட நூல் உருண்டைகளை, ஒன்று கூடுதலாகவே, ஒரே நாளில் வாங்கிவிடுங்கள்.

மாதிரித் துண்டு பின்னாமல் தொடங்குவது

இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பாரில்லை என்பதே என் எரிச்சல். என்னிடம் கற்ற ஒருவர், அமெரிக்க வடிவக் குறிப்பு ஒன்றில் 8 ஆம் எண் ஊசி என்றிருந்ததைக் கண்டு, நம் கடையில் கிடைத்த 8 ஆம் எண் ஊசியிலேயே கணவருக்கு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினார். அமெரிக்க 8 என்பது 5 மி.மீ.; நம் கடைகளில் இன்னும் வழங்கும் பழைய பிரிட்டிஷ் முறையில் 8 என்பது 4 மி.மீ. மட்டுமே, அதிலும் எண் கூடக்கூட ஊசி மெலியும். குறிப்பு 10 செ.மீ.க்கு 18 கண்ணிகள் கேட்டது. அவர் கையில் 22 விழுந்தன. 100 செ.மீ. மார்புச் சுற்றளவுக்காக ஏற்றிய 180 கண்ணிகள் 82 செ.மீ.க்குள் அடங்கிவிட, அந்த ஸ்வெட்டர் மகனுக்குத்தான் பொருந்தியது. மகன் மகிழ்ந்தான் என்பது வேறு கதை.

ஊசியின் எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைப் பாருங்கள். அதே நூலில், அதே ஊசியில் 15 செ.மீ. சதுரமாவது பின்னி, ஆடையைத் துவைக்கப்போகும் விதத்திலேயே துவைத்து, படுக்கையாகக் காயவைத்து, ஓரங்களை விட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். உருண்டையில் இழுபட்டுக் கிடந்த நூல் நனைந்த பிறகே தன் இயல்பான அளவுக்குத் திரும்புகிறது என்பதால் துவைக்காத துண்டை அளப்பதில் பயனில்லை. அரைக் கண்ணியையும் கணக்கில் சேருங்கள்: 18க்குப் பதில் பதினெட்டரை விழுந்தால், 180 கண்ணிகளில் ஏறத்தாழ 3 செ.மீ. குறைந்துபோகும். கண்ணிகள் கூடுதலாக விழுந்தால் தடித்த ஊசிக்கு மாறுங்கள். கையைத் தளர்த்திப் பின்னலாம் என்று எண்ண வேண்டாம், பத்து வரிசைக்குள் கை பழைய இறுக்கத்துக்கே போய்விடும். ஒரு மாலைப்பொழுது வீணாகிறது என்று சலித்துக்கொள்வோர், அந்த நூல் எப்படி விழும், எந்தப் பின்னலில் அதன் நிறம் எடுபடும் என்று விளையாடிப் பார்க்கும் இன்பத்தையும் இழக்கிறார்கள்.

அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப் பெட்டி

வைக்காதீர்கள், உருகித் துவண்ட பின்னல் மீளாது.

கம்பளியை வெந்நீரில் அலசுவது

கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உள்ளன; சூடும் சோப்பும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, பின்னல் சுருங்கிக் கெட்டித்துவிடும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று உறையில் இருந்தாலொழிய, குளிர்ந்த நீரில் மிதமான சோப்பு கலந்து ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுங்கள்.